காற்றாடி கட்ட எதை எடுப்பது? முதலில் அறுந்துபோவதை எடுங்கள்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்ன முதல் புகார் இதுதான்: "மாமா, இந்த நூல் தொட்டாலே அறுந்துபோகிறது. நல்ல நூலாக வாங்கித் தாருங்கள்." அவனுக்கு ஒன்பது வயது. அவன் கேட்ட 'நல்ல நூல்' எது என்று எனக்குத் தெரியும். எங்கள் வடசென்னைத் தெருக்களில் நான் சிறுவனாக இருந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

வாங்கித் தர முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் எதிர்வீட்டுப் பையனிடம் வாங்கிக்கொள்வான். அதனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் கிடைத்த நூல், குச்சி, தாள், பசை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக இருவரும் சோதித்துப் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் காற்றாடி கட்டித் தர நினைக்கும் எவருக்கும் அந்த மாலை பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நூல்

முதலில் மூன்று நூல்கள்: பருத்தித் தையல் நூல், இப்போது தையல் கடைகளில் பரவலாக இருக்கும் பாலியெஸ்டர் நூல், மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலின் கழுத்தில் கட்டித் தூக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசு தேவையில்லை.

பருத்தி நூல் ஒரு லிட்டர் பாட்டிலை மெதுவாகத் தூக்கியது. அவன் வெடுக்கென்று இழுத்ததும் அறுந்தது. பாலியெஸ்டர் அந்த வெடுக்கையும் தாங்கியது. இரண்டு லிட்டர் பாட்டிலில் அறுந்தது. நைலான் நரம்பு ஐந்து லிட்டர் கேனை அலட்டிக்கொள்ளாமல் தூக்கியது. பையனின் கண்கள் விரிந்தன. "இதுதான் மாமா நல்ல நூல்!"

நரம்பின் நுனியை அவன் ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கேனில் கால் பங்குத் தண்ணீர் மட்டும் விட்டுத் தூக்கச் சொன்னேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை, கீழே வைத்துவிட்டான். விரலில் சிவப்பாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே விரல்நுனி வெளுத்திருந்தது. அவன் அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு காற்றாடிக்கு உண்மையில் எவ்வளவு பலம் வேண்டும்? பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரக் காற்றாடி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் இழுக்கும் விசை ஏறக்குறைய அரைக் கிலோ எடைக்குச் சமம். தையல் நூலே தாராளம். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் காற்றில் அதே காற்றாடி இரண்டு கிலோ இழுக்கும். அப்போது பருத்தி நூல் அறுந்துபோகும். அறட்டும். சிறுவன் கையில் காற்றாடி இருக்கக் கூடாத காற்று அது. நூல் அறாமல் தாக்குப்பிடித்தால், இழுபடுவது மாடி விளிம்பில் நிற்கும் பிள்ளைதான். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் 2021 டிசம்பரில், பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்திருந்த ஓர் இளைஞர் கயிற்றோடு ஆகாயத்தில் தொங்கிய காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நல்லவேளையாக உயிர் தப்பினார். அங்கே ஆளுயரத்துக்கும் மேலாகப் பட்டம் கட்டும் கைதேர்ந்தவர்கள் தடித்த கயிறு பிடிக்கிறார்கள் என்றால் அது வேறு கணக்கு. வீட்டில் கட்டும் காற்றாடிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இனி மாஞ்சா. அதை நான் சோதனைக்குக்கூட வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கண்ணாடியை இடித்துச் சலித்த தூள், கஞ்சி அல்லது வச்சிரப் பசை, சாயம். இவற்றைக் கலந்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு நூலில் பூசுவார்கள். பூசுகிறவனுக்கே விரலில் துணி வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், தந்தையின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அறுத்தது எங்கிருந்தோ அறுந்து வந்த மாஞ்சா நூல். குழந்தை இறந்துபோனது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பைக்கில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கழுத்தைத்தான் என் கண் தேடுகிறது.

"நைலான் மாஞ்சாதான் ஆபத்து, நம் பழைய பருத்தி மாஞ்சா அப்படி இல்லை" என்று வாதாடுபவர்கள் உண்டு. பாதி சரி. நைலான் அறாது, மட்காது. சீன மாஞ்சா என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் நம் நாட்டிலேயே தயாராகிறது. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் தடை விதித்ததும், 2023இல் தமிழக அரசு தடை அறிவித்ததும் நைலான் போன்ற செயற்கை இழை நூல்களை முன்வைத்துத்தான். ஆனால் பருத்தி நூலில் பூசினாலும் கண்ணாடி கண்ணாடிதான். இறுக்கமாக ஓடும் நூலின் குறுக்கே ஒருவர் பைக்கில் வரும்போது, உள்ளிருக்கும் இழை அறுவதற்குள் மேலிருக்கும் கண்ணாடி தோலை அறுத்துவிடும்.

டீல், அதாவது நூலோடு நூலை உரசி அடுத்தவர் காற்றாடியை அறுக்கும் போட்டி, இல்லாமல் காற்றாடியில் என்ன சுவை என்று கேட்பார்கள். அந்தச் சுவை எனக்கும் தெரியும். பூச்சில்லாத பருத்தி நூலோடு பருத்தி நூல் உரசினாலும் அறும். நேரமாகும், எப்போது இழுப்பது எப்போது விடுவது என்ற பழக்கம் வேண்டும். ஜெயித்தால் அது உண்மையிலேயே கைத்திறன்.

மொத்தத்தில் என் தேர்வு பருத்தித் தையல் நூல். பாலியெஸ்டர் இரண்டாவது, அதையும் திறந்த மைதானத்தில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: பருத்தி நூல் நனைந்தால் மின்சாரம் கடத்தும். தூறல் விழுந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

குச்சி

இங்கே போட்டி மூங்கில் சிம்புக்கும் தென்னை ஈர்க்குக்கும்தான். கடையில் ஃபைபர் கிளாஸ் கம்பியும் கார்பன் கம்பியும் கிடைக்கின்றன. ஃபைபர் கிளாஸை அறுக்கும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும், மூச்சில் போகும். ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் விரலில் ஏறும். கார்பன் மின்சாரம் கடத்தும். இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். சைக்கிள் ஆரம், கட்டுக்கம்பி என எந்த உலோகமும் வேண்டாம். சென்னைப் புறநகர் ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது.

மூங்கில் வடிவம் மாறாது, வில்லாக வளைத்தால் சீராக வளையும். நன்றாகப் பறக்கும் காற்றாடி வேண்டுமென்றால் மூங்கில்தான். ஆனால் சீவும்போது சிலாம்பு ஏறும். ஒடிந்தால் முனை ஈட்டிபோல நிற்கும். தலைக்கு மேலிருந்து குத்திட்டு விழும் பொருளில் அப்படி ஒரு முனை இருக்கக் கூடாது. மூங்கில் என்றால் பெரியவர் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, நான்கு முனைகளையும் தாள் சுற்றி ஒட்டித் தர வேண்டும்.

ஈர்க்கு விழுந்தால் வளையும், குத்தாது. அதன் குறை, அடி தடித்து நுனி மெலிந்திருப்பது. ஒற்றை ஈர்க்கை வில்லாக வைத்தால் மெலிந்த பக்கம் கூடுதலாக வளைந்து காற்றாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழலும். இதற்கு என் தாத்தா காட்டிய வழி: இரண்டு ஈர்க்கை எடுத்து, ஒன்றின் அடியும் மற்றொன்றின் நுனியும் சேரும்படி தலைமாற்றி வைத்து, நான்கைந்து இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு நடுவில் விரலை வைத்துத் தாங்கிப் பாருங்கள், இருபுறமும் சமமாக நிற்கும். பையன் மூன்று முறை நழுவவிட்டான், நான்காவது முறை நின்றது. விரலில் அது ஆடாமல் நின்றபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நடுத்தண்டுக்கும் ஈர்க்கே போதும், ஆனால் பச்சை ஈர்க்கு வேண்டாம், காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். பழைய துடைப்பத்திலிருந்து உருவியது நல்லது. கழுவிக் காயவைத்துக் கொள்ளுங்கள்.

தாளும் பசையும்

மெல்லிய வண்ணக் காற்றாடித் தாள், செய்தித்தாள், பாலித்தீன். வண்ணத்தாள்தான் எடை குறைவு, இலேசான கடற்காற்றுக்கே எழும்பும். செய்தித்தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம். கொஞ்சம் கனம், காற்று நன்றாக அடித்தால்தான் ஏறும். ஆனால் காசில்லை, கிழிந்தால் அழத் தேவையில்லை. பழகுவதற்கு அதுதான் சரி.

பாலித்தீன் கிழியாது, தூறலுக்கும் அசையாது. அதை மறுக்க முடியாது. கம்பியில் மாட்டினால் மாதக்கணக்கில் படபடக்கும் என்பதும் அதனால்தான். மாடு தின்னும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வெட்டி மீந்த துண்டு முகத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பரிசுப்பொருள் சுற்றும் வெள்ளிப் பளபளப்புத் தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதன் மேலிருக்கும் உலோகப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும். பிள்ளைகளுக்குப் பிடித்ததும் அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பசைக்கு மைதாக் கஞ்சி, அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கை. புத்தகம் தைப்பவர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் விரல் வைக்கும் பசையில் கூடாது. நொடியில் ஒட்டும் பசைக்குழாய் விரலையும் இமையையும் ஒட்டும், அதுவும் வேண்டாம். வாலுக்குப் பழைய வேட்டிக் கிழிசல். நூல் சுற்ற, தகர டப்பாவுக்குப் பதில் கெட்டி அட்டைக் குழல்.

மறுநாள் மாலை, மின்கம்பி இல்லாத மைதானத்தில், செய்தித்தாள் காற்றாடியைப் பருத்தி நூலில் ஏற்றினோம். அரைமணி நேரம் நின்றது. காற்று வலுத்ததும் நூல் அறுந்தது. "போச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். மைதானத்து ஓர வேப்பமரத்தில் போய் மாட்டிக்கொண்டது. ஏற வேண்டாம், இன்னொன்று கட்டலாம் என்றேன்.

அந்த வாரம் ஒரு கோடை மழை. அதன் பிறகு போய்ப் பார்த்தபோது தாள் கரைந்துபோய் ஈர்க்குச் சட்டம் மட்டும் கிளையில் கிடந்தது. நூலை ஒரு காக்கை இழுத்தது, அறுந்தது, அலகில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டது. பக்கத்துக் கிளையில் எந்த ஆண்டோ யாரோ விட்ட நைலான் நரம்பு ஒன்று, இறுகிய சுருளாக, வெயிலில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பையன்தான் முதலில் அதைப் பார்த்தான். மைதானக் காவலரிடம் சொல்லிக் கொக்கிக் கழி ஒன்று வாங்கி வந்து, இருட்டும்வரை இருவரும் அதைப் பிரித்தெடுத்தோம்.