விளிம்பா, மெழுகா? ஸ்னோபோர்டு பராமரிப்பில் எதற்குக் காசு கொடுக்கலாம்

டிசம்பர் பிறந்ததும் டொராண்டோவின் விளையாட்டுப் பொருள் கடைகளில் ஸ்னோபோர்டு பராமரிப்புக்கென்று ஒரு மூலை முளைத்துவிடும். இஸ்திரிப் பெட்டி, மெழுகு, சுரண்டி, பிரஷ், விளிம்பு தீட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்த 'கிட்' கண்ணில் படுகிற மாதிரி முன்வரிசையில் தொங்கும். அதை எடுப்பதா, தனித்தனியாகச் சேர்ப்பதா என்பதுதான் புதிதாக இதில் இறங்குபவர்களின் முதல் கேள்வி. தனித்தனியாக வாங்குவதுதான் என் கட்சி. கிட்டுகளில் மெழுகு பெரும்பாலும் பழுதில்லை, இஸ்திரிப் பெட்டியும் சமாளிக்கும். பலகையின் ஓரத்து எஃகு விளிம்பைத் தீட்டும் கருவியில்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். ஒண்டாரியோவில் சறுக்குபவருக்கு அதுதான் முதல் தேவை.

ஒண்டாரியோவின் பனிச்சறுக்கு மலையான புளூ மவுண்டனின் மொத்த இறக்கமே ஏறக்குறைய 220 மீட்டர். வானம் கொடுக்கும் பனி போதாமல் இயந்திரங்கள் இரவெல்லாம் பனி துப்பும். ஜனவரியில் ஒருநாள் மழை, மறுநாள் உறைபனி. காலையில் லிஃப்டை விட்டு இறங்கினால் காலடியில் இருப்பது பாதிக்குப் பாதி பனிக்கட்டி. ஆல்பர்ட்டாவின் ராக்கி மலைகளில் முழங்கால் ஆழப் புதுப்பனியில் சறுக்குபவர் விளிம்பைச் சீசனுக்கு ஒருமுறை தொட்டால் போதும், அவருடைய கவலையெல்லாம் அடிப்பரப்பு தடையின்றி ஓடுவதற்குப் போடும் மெழுகுதான். நமக்கு நேர்மாறு. மழுங்கிய விளிம்போடு பனிக்கட்டியில் திரும்பும்போது பலகை வழுக்கிக்கொண்டு போவதை எந்த மெழுகாலும் தடுக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பரிந்துரைகள் மேற்கு மலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், கிழக்கில் இருப்பவர்கள் அவற்றைச் சற்றே தள்ளி வைத்துப் படிப்பது நல்லது.

விளிம்புக் கருவிகள்

போட்டியில் இருப்பவை மூன்று. முதலாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் தீட்டி. உள்ளே ஒரு சிறு அரத் துண்டு இருக்கும், விளிம்பில் பொருத்தி இழுத்தால் போதும். விலை மலிவு, பையில் போட்டுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள எதுவுமில்லை. அது உட்காரும் பரப்பு குட்டையாக இருப்பதுதான் குறை. இழுக்கும்போது முன்னும் பின்னும் ஆடும், கோணம் இடத்துக்கு இடம் மாறும். பயணத்தின் நடுவே அவசரத்துக்கு உதவும் சாமான் அது. வீட்டில் அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, கோணக் கைடும் அரமும். அரத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொள்ளும் உலோகக் கைடுகளில் இரண்டு வகை உண்டு. திருகைத் திருப்பிக் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை பார்வைக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் அசையும் பாகம் இருக்கிற இடத்தில் நாளடைவில் தளர்ச்சி வரும். ஒரே கோணத்தில் வார்த்த கைடில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான பலகைகளுக்குப் பக்க விளிம்பு 89 அல்லது 88 டிகிரி சரியாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தப் பலகையின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டிய அவசியம் வராது, பிறகு மாற்றக்கூடிய கைடுக்கு எதற்குக் கூடுதல் காசு? பனிக்கட்டியில் அதிகம் சறுக்குபவர் 88 எடுக்கலாம். கூர் பிடிப்பு அதிகம், அதே வேகத்தில் மழுங்கவும் செய்யும். மற்றவர்களுக்கு 89.

அடிப்பக்க விளிம்பின் சரிவு பொதுவாக 1 டிகிரி. அதற்கும் தனிக் கைடு விற்கிறார்கள், வாங்காதீர்கள். பக்க விளிம்பில் அளவு தவறினால் மறுபடி அரம் போட்டுச் சரிசெய்யலாம். அடியில் அதிகமாகத் தேய்த்துவிட்டால், அடிப்பரப்பு முழுவதையும் கடை இயந்திரத்தில் அரைத்துத்தான் மீட்க வேண்டும்.

அரம் ஒரு திசையில்தான் வெட்டும். அது தெரியாமல் ரம்பம் போல முன்னும் பின்னும் தேய்ப்பவர்கள்தான் அரத்தையும் விளிம்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். தொடங்கும் முன் விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை சீராக அழிந்தால் கோணம் பொருந்துகிறது. ஓரத்தில் மட்டும் அழிந்தால், பலகை வேறு கோணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வைரக் கல். அரம் உலோகத்தைச் சீவி எடுக்கிறது, வைரக் கல் மெருகேற்றுகிறது. பாறையில் உரசிய இடத்தில் எஃகு சூடேறி இறுகிவிடும், அங்கே அரம் கடிக்காமல் வழுக்கும். அந்த இறுகிய படலத்தை முதலில் வைரக் கல்லால் தேய்த்து நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அரம் போட்டால் விளிம்பு சீக்கிரம் கரைந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே சீசன் தொடக்கத்தில் ஒருமுறை அரம், அதன் பிறகு சறுக்கிவிட்டு வந்த நாள்களில் நடுத்தர வைரக் கல்லை அதே கைடில் வைத்துச் சில இழுப்புகள். கடைசியில் ரப்பர் போன்ற மென்கல்லால் ஒரு தடவல், பிசிறு போய்விடும். லிப் டெக், க்னூ பலகைகளின் அலை அலையான விளிம்புக்கு நீள அரம் ஒத்துவராது, குட்டைக் கல்தான் வளைவுகளுக்குள் இறங்கும்.

மெழுகு: நான்கு கட்சிகள்

கையில் பிடித்துத் தேய்க்கும் மெழுகையும் டப்பாவில் வரும் களிம்பையும் முதலில் ஒதுக்கிவிடலாம். பூசிய சில மணி நேரத்தில் போய்விடும். ஈரமான மார்ச் மதியத்தில் பலகை ஒட்டிக்கொண்டால் கார் நிறுத்துமிடத்தில் தேய்த்துக்கொள்ள ஒரு சிறு டப்பா வைத்திருப்பதில் தவறில்லை. உருக்கிப் போடும் மெழுகுக்கு அது மாற்று ஆகாது.

உண்மையான போட்டி, எல்லா வெப்பநிலைக்கும் ஒரே மெழுகு என்பதற்கும் வெப்பநிலை வாரியான மெழுகுக்கும் இடையில்தான். கடுங்குளிரில் பனித்துகள் கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும், மென்மையான மெழுகுக்குள் குத்தி இறங்கி வேகத்தைப் பிடித்து நிறுத்தும். அதனால் கெட்டியான மெழுகு வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனியில் நிலைமை தலைகீழ்: நீரை விலக்கும் மென்மெழுகு வேண்டும். எல்லா வெப்பநிலை மெழுகும் இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி என்கிற நடுப்பகுதியில் அது குறைசொல்ல முடியாதபடி ஓடும். மைனஸ் 15க்குக் கீழே போனால் தடுமாறும். என் ஆலோசனை: எல்லா வெப்பநிலை மெழுகு ஒரு பெரிய கட்டி, கடுங்குளிர் மெழுகு ஒரு சிறிய கட்டி. ஆறு நிறங்களில் அடுக்கி வைப்பது பந்தய வீரர்களின் வேலை.

நிறங்கள் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஸ்விக்ஸ் நிறுவனத்தின் சிவப்பு மெழுகு பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கானது, டோகோவின் சிவப்பு நடுத்தரக் குளிருக்கானது. அட்டையில் அச்சிட்ட டிகிரியைப் பார்த்து வாங்குங்கள், நிறத்தை நம்ப வேண்டாம்.

நான்காவது கட்சி, ஒருமுறை போட்டால் போதும் என்று சொல்லும் நிரந்தரப் பூச்சு. அமெரிக்காவின் டிபிஎஸ் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ஃபேண்டம் அதில் பெயர்பெற்றது. அடிப்பரப்பில் பூசி, புற ஊதா ஒளியில் காயவைக்க வேண்டும். மெழுகே போடாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவருக்கு அது நிச்சயம் முன்னேற்றம். அன்றைய குளிருக்கேற்ற மெழுகைப் புதிதாகப் போட்ட பலகையோடு பந்தயம் கட்டினால் நான் மெழுகின் பக்கம்தான் நிற்பேன். மெழுகு போடும் அரைமணி நேரத்தில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம், கீறலும் தளர்ந்த திருகும் கண்ணில் படுகின்றன. பூச்சுப் போட்டவர் அந்தப் பரிசோதனையைச் செய்வதே இல்லை.

ஃப்ளூரின் கலந்த மெழுகைத் தொடவே வேண்டாம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து எல்லாப் பந்தயங்களிலும் அதைத் தடைசெய்துவிட்டது. அந்த சீசனின் தொடக்கத்திலேயே, சோல்டனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், நார்வேயின் ரக்ன்ஹில்ட் மோவிங்கல் ஸ்கீயில் ஃப்ளூரின் தென்பட்டதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும் ரசாயனம் அது, சூடாக்கும்போது எழும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. கடைகளில் இப்போது அரிது. பழைய சாமான் விற்பனையில் யாரோ ஒருவருடைய மெழுகுப் பெட்டியை அப்படியே வாங்கினால் வந்து சேரக்கூடும். ஸ்விக்ஸ் கட்டிகளில் எல்எஃப், எச்எஃப் என்ற எழுத்துகள் இருந்தால் அதுதான். உருக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டி, சுரண்டி, பிரஷ்

வீட்டில் ஓய்ந்துகிடக்கும் பழைய இஸ்திரிப் பெட்டி போதாதா என்று எல்லோருமே கேட்கிறார்கள். வேலை நடக்கும். ஆனால் துணிப் பெட்டியின் தகடு மெல்லியது, சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மெழுகுப் பெட்டியின் தடித்த தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகுக்கு வேண்டியது சுமார் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ். அடிப்பரப்பான பாலிஎத்திலீனோ 130 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். பெட்டியை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் பலகை தப்பிக்கும். இந்த இடைவெளி இவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் சூடு ஏறி இறங்கும் பெட்டி ஆபத்தாகிறது. மெழுகு புகைந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். பெட்டி கடந்துபோன பிறகு அதன் பின்னால் ஒரு சாண் அளவுக்குள் மெழுகு ஈரமாக மின்னி உறைந்தால் சூடு சரி. நீராவித் துளைகள் உள்ள பெட்டியில் மெழுகு துளைக்குள் புகுந்து கருகும். கடையில் ஐந்தாறு முறை மெழுகு போடும் செலவில் சொந்தப் பெட்டி வாங்கிவிடலாம் என்பதால் இதில் கஞ்சத்தனம் தேவையில்லை. துணிப் பெட்டியைத்தான் பயன்படுத்துவேன் என்றால், அது சட்டை பக்கம் திரும்பவே கூடாது.

மெழுகு போடுவதற்கு முன் பைண்டிங்கை, அதாவது காலணியைப் பலகையோடு பிணைக்கும் பாகத்தை, கழற்றிவிடுங்கள், குறைந்தபட்சம் திருகுகளைத் தளர்த்துங்கள். இறுகிய திருகு சூட்டில் அடிப்பரப்பை உள்ளிழுத்துக் குழி விழவைக்கும்.

உறைந்த மெழுகைச் சீவி எடுக்கும் சுரண்டியில் யோசிக்க ஒன்றுமில்லை: தடித்த பிளாஸ்டிக், சுமார் 5 மில்லிமீட்டர். மெல்லியது வளையும். உலோகச் சுரண்டி மெழுகுக்கு அல்ல, அடிப்பரப்பில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சமப்படுத்துவதற்கு. பிரஷில் நைலான் ஒன்று வாங்கினால் போதும். பித்தளை பிரஷ் பழைய மெழுகையும் அழுக்கையும் கிளற உதவும், அடுத்த சீசனுக்குத் தள்ளி வைக்கலாம். குதிரை மயிர் பிரஷ் ஆடம்பரம்.

திருகாணிக் கருவி

பைண்டிங் திருகுகளுக்கு மூன்றாம் எண் பிலிப்ஸ் முனை வேண்டும். வீட்டுப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் எண். அது தலைக்குள் உட்காராமல் சுற்றும், இரண்டு மூன்று முறையில் குறுக்குவெட்டு தேய்ந்துவிடும். ஆங்கில 'டி' வடிவக் கைப்பிடியுள்ள பெரிய கருவிக்கு முறுக்குவிசை அதிகம், வீட்டில் வைத்துக்கொள்ள அதுதான் சிறந்தது. கோட்டுப் பைக்குள் அடங்கும் பலமுனைக் கருவியில் 10 மில்லிமீட்டர் ஸ்பானரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பைண்டிங்கின் சிறு நட்டுகளுக்கு அது வேண்டியிருக்கும். பல மலைகளில் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே கருவிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள் என்பதால், இரண்டில் ஒன்றுதான் என்றால் பெரியதையே சொல்வேன். அதனுடன் உதிரி எம்6 திருகுகள் இரண்டு.

கீறலுக்கு என்ன?

மெழுகுவர்த்தி போல் எரித்துச் சொட்டவிடும் பிளாஸ்டிக் குச்சி மலிவு. தீக்குச்சியின் நீளமுள்ள மேலோட்டக் கீறலை அதை வைத்து வீட்டிலேயே நிரப்பலாம். சுடரைத் தாழ்வாகப் பிடித்தால் கரி குறையும், கரி கலந்த ஒட்டு சீக்கிரம் பெயரும். உள்ளே மரம் தெரிகிற அளவுக்கு ஆழமான வெட்டு என்றாலோ, வெட்டு எஃகு விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தாலோ குச்சி பிடிக்காது. ஓரிடத்தை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்தும் வேலை அது, கடைக்குத்தான் போக வேண்டும். அதுவரை அந்தப் பலகையை நனையவிடாதீர்கள். ஈரம் மரத்துக்குள் இறங்கினால் பக்கத்திலுள்ள விளிம்பும் கழன்றுவரும்.