மூன்றாம் பாகத்தோடு 20 வருடங்கள்

காலப்பயணக் கதையான ‘பேக் டு த ஃபியூச்சர்’ ஹாலிவுட் படங்கள் மூன்றையும் டிவிடி தொகுப்பாக வாங்கி ஏறக்குறைய 20 வருடம் ஆகிறது. முதல் பாகத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. மூன்றாவதை ஒருமுறை பார்த்துவிட்டு, திடீரென்று என்ன குதிரையும் துப்பாக்கியும் என்று எடுத்து வைத்தவன், சில வருடம் தொடவில்லை. இன்று எதைப் போடலாம் என்றால் கை அதற்குத்தான் போகிறது.

இரண்டாம் பாகம் 1989 நவம்பரில் வந்தது, மூன்றாவது 1990 மே மாதம். சேர்த்தே எடுத்த படங்கள். அதனால் அடுத்தடுத்துப் பார்க்கத் தோன்றும். நான் செய்த தவறும் அதுதான். இரண்டாவதில் மூன்று காலங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தப் பரபரப்போடு வந்தால், 1885இல் ஒரே ஊரில் நடக்கும் கதை சப்பென்று இருக்கும். தனியாக, ஒரு சாவகாசமான ராத்திரியில் பார்த்தபோதுதான் படம் எனக்குப் பிடிபட்டது.

சிக்கல் எவ்வளவு எளிமையானது பாருங்கள். கால இயந்திரமாக ஓடும் காரில் பெட்ரோல் இல்லை. குழாய் கிழிந்து எல்லாம் ஒழுகிவிட்டது, 1885இல் பங்க் ஏது? காலம் தாண்ட அந்தக் கார் மணிக்கு 88 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகம் எடுத்தாக வேண்டும். குதிரைகளைப் பூட்டி இழுக்கிறார்கள். விஸ்கியை ஊற்றி இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ரயில் இன்ஜினை வைத்துத் தள்ளுவது என்று முடிவாகிறது. அந்த ரயில் காட்சி இன்றும் என்னைச் சோபாவின் நுனிக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் காரை உருவாக்கிய விஞ்ஞானி டாக் பிரவுனுக்காக. கடந்த காலத்தில் கைவைக்காதே என்று நாயகன் மார்ட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், பள்ளத்தில் விழப்போகும் ஒரு டீச்சரைக் காப்பாற்றிவிடுகிறார். பழைய வரலாற்றில் அந்தப் பெண் விழுந்து இறந்ததால்தான் அந்தப் பள்ளத்துக்கே அவர் பெயர் வந்தது. இனி அந்தப் பெயர் வராது. அப்புறம் இருவருக்கும் எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் பிடிக்கும் என்று தெரிந்ததும் டாக்காக நடித்த கிறிஸ்டோபர் லாய்டின் முகத்தில் வரும் மலர்ச்சி! முந்தைய இரண்டு படங்களிலும் அவர் மார்ட்டிக்கு உதவ வந்தவர். இதில் கல்லறையில் பொறித்திருப்பது அவருடைய பெயர், காப்பாற்ற வருவது மார்ட்டி. வயது ஏற ஏற இந்த மாற்றம் எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

குறைகள் உண்டு. ‘கோழை’ என்றால் மார்ட்டிக்குக் கோபம் வரும் என்பதே இரண்டாம் பாகத்தில்தான் முளைத்தது. மூன்றாவதில் அவன் அதிலிருந்து மீள்வது நன்றாக இருந்தாலும் முதல் படத்தில் அதற்கு விதை இல்லை. மார்ட்டியின் அம்மாவாக நடித்த லியா தாம்சனே அப்பா வழி எள்ளுப்பாட்டியாகவும் வருவது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. 1955இல் எடுத்துக்கொள்ளட்டும் என்று டாக் சுரங்கத்தில் ஒளித்து வைத்த காரிலிருந்து பெட்ரோல் எடுக்கலாமே என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. அதில் கைவைத்தால் 1955இல் கிடைக்கப்போகும் கார் என்னாகுமோ என்று பயந்திருப்பார்கள் என நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க எனக்கு மூன்று நான்கு முறை தேவைப்பட்டது. முதல் படத்தில் மின்னல் விழுந்து நின்றுபோகுமே, அந்த மணிக்கூண்டுக் கடிகாரம், அதை ஓடவிடும் விழாதான் இதில் வரும் நடன இரவு. புதுக் கடிகாரத்தின் பக்கத்தில் டாக்கும் மார்ட்டியும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இறுதியில் டாக் மார்ட்டிக்குப் பரிசாகக் கொடுப்பது அந்தப் புகைப்படத்தைத்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் படத்தை நிறுத்தி வைத்துப் பார்ப்பேன்.