ஹெண்ட்ரிக்ஸ்: மான்டெரேயா, வுட்ஸ்டாக்கா?

ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மான்டெரே, வுட்ஸ்டாக் ஆகிய இரு அமெரிக்க இசை விழாக்களில் வாசித்ததில் எதை முதலில் கேட்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக இது.

நேரம்: மான்டெரே (1967 ஜூன் 18) ஒரு மணி நேரம்கூட இல்லை. வுட்ஸ்டாக் (1969 ஆகஸ்ட் 18 காலை) ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

குழு: அங்கே மூவர், இறுக்கமான வாசிப்பு. இங்கே ஆறு பேர். ஒத்திகைக் குறை சில இடங்களில் காதை உறுத்துகிறது.

உச்சம்: மான்டெரேயில் மண்டியிட்டுக் கிதாருக்குத் தீ வைத்தார்; பலர் மனதில் நிற்பது அந்தக் காட்சிதான். எனக்கோ வுட்ஸ்டாக்கில் வாசித்த அமெரிக்க தேசிய கீதம். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ட்ரெமலோ கம்பியை (சுருதியை ஏற்றி இறக்க உதவும் கிதாரின் கைப்பிடி) அழுத்தி, குண்டு சீறி விழும் ஓசையைக் கிதாரிலேயே எழுப்புகிறார். உடனே மெட்டுக்குத் திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கிறது.

புதிதாகக் கேட்பவர் மான்டெரேயில் தொடங்கலாம். கிதார் எவ்வளவு தூரம் பேசும் என்று அறிய விரும்புபவருக்கு வுட்ஸ்டாக்தான்.