‘கொழும்பு’ என்று எழுத வராத வீடியோ மென்பொருள்: நாலு வருடம் பாவித்த பிறகு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் கூட்டாளி போன கிழமை கோல் எடுத்தான். ஹேண்டிகாம் காலத்துச் சின்னக் கசெட் 15 அவன் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. தங்கச்சியின் கல்யாணம், மகனின் முதல் பிறந்தநாள் எல்லாம் அதற்குள். “மச்சான், வெட்டி ஒட்டி டிவிடி அடிக்க எது லேசு? நீ பாவிக்கிறதையே வாங்கட்டா?” என்றான். “வாங்காதே” என்று முடித்துவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. நாலு வருடம் எனக்கு உழைத்த பொருளை ஒரே சொல்லில் தள்ளியது சரியாகப் படவில்லை.

அந்த மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை வேறு சில மென்பொருள்களிலும் உண்டு. எதை வாங்கினாலும் முதலில் எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தால் போதும்.

2021 இல் வாங்கினேன். கசெட்டில் இருப்பதைக் கணினிக்குள் எடுப்பதில் அதை மிஞ்ச முடியாது. ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிடத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 13 ஜிபி அளவில் இடம் பிடிக்கும். இப்போது வரும் லப்டொப்களில் அந்தக் கமராவை இணைக்கும் ஃபயர்வயர் துளையே இல்லை என்பதால் பழைய டெஸ்க்டொப் ஒன்றுக்கு கார்ட் போட்டு வைத்திருக்கிறேன். கமராவை இணைத்து ஒரு பட்டனைத் தட்டினால், கசெட்டில் பதிந்திருக்கும் திகதியையும் நேரத்தையும் பார்த்து, நிறுத்தி நிறுத்தி எடுத்த இடங்களில் எல்லாம் அதுவாகவே துண்டு பிரித்துத் தந்துவிடும்.

அந்தப் பிரிப்பினால் எனக்கு ஒன்று கிடைத்தது. அப்பா எடுத்த ஆடிவேல் கசெட் அது. காலி வீதியால் தேர் வருகிறது, காவடி வருகிறது, சனம், வெயில். 38 துண்டுகளில் கடைசிக்கு முந்தையது 11 செக்கன்தான். நிறுத்துவதாக நினைத்து மறுபடி ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து கமராவை மேசையில் வைத்திருக்கிறார். படத்தில் தெரிவது மேசை விரிப்பில் ஒரு பூவும் கோப்பையின் கைபிடியும் மட்டும். “இஞ்ச, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போவன்” என்கிறது அப்பாவின் குரல். என்னைத்தான் கூப்பிடுகிறார். எப்போதும் கமராவுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நின்றவர் அவர். எங்கள் வீட்டுக் கசெட்டுகள் முழுவதிலும் அவர் குரல் இந்த 11 செக்கன்தான். நானே ஓடவிட்டு வெட்டியிருந்தால், மேசைதானே என்று எறிந்திருப்பேன்.

சரி, அப்புறம் தலைப்புப் போட வந்தேன்.

“ஆடிவேல், கொழும்பு” என்று அடித்தேன். க தனியாக நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய கொம்பும் பின்னால் வரவேண்டிய அரவும், க-வுக்குப் பிறகு ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு விழுந்தன. ழகரம் ஒரு பக்கம், அதன் உகரம் இன்னொரு பக்கம். எழுத்துருவை மாற்றினேன், அப்படியேதான். பெரியம்மாவின் 75 ஆவது பிறந்தநாளுக்கு டிஸ்க் அடித்தபோது அவசரத்தில் திரையில் முதலில் வரும் பக்கத்தைச் சரிபார்க்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவ அவ. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போய் நின்று, “இதென்ன எழுத்து தம்பி?” என்று கேட்டா. கோபமே இல்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டா. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காரணம் தெரியாத வியாதி இல்லை இது. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்று ஒன்று இலவசமாகவே இருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸும் அன்ட்ரொய்டும் லிப்ரே ஒஃபிசும் அதைத்தான் பாவிக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் தலைப்புப் பெட்டியில் மட்டும் அது நடப்பதில்லை.

பாமினியில் அடித்தால் சரியாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அடிப்பதால் எதுவும் இடம் மாறத் தேவையில்லை. ஆனால் பாமினி இல்லாத கணினியில் அதே வேலையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் இறைந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைக்கும் படத்தில் பெரியம்மாவின் பெயரை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனத்துக்கு மூன்று தரம் எழுதினேன், திரையைப் படம் பிடித்தும் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த பதிப்பு 2022 இல் வந்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 வரை போன நேரம் அது. அப்படியிருந்தும் காசைக் கட்டி ஏற்றினேன். கொழும்பு அப்படியேதான் உடைந்து கிடந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை. டெஸ்க்டொப்புக்கு யுபிஎஸ்ஸும் கிடையாது. வேலை நடுவே எத்தனை தரம் அணைந்தாலும், திரும்பப் போட்டதும் விட்ட இடத்திலிருந்தே தந்தது. ஒரு துண்டுகூடப் போகவில்லை.

இலவசமாக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். விண்டோஸ் 7 வரை டிவிடி மேக்கர் கூடவே வந்தது, 8 இல் எடுத்துவிட்டார்கள். மூவி மேக்கர் 2017 ஜனவரியோடு நின்றது. விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் டிஸ்க் எழுதாது. நான் இப்போது தலைப்புகளை ஷொட்கட் (Shotcut) என்ற இலவச வீடியோ மென்பொருளில் போடுகிறேன். கொழும்பு அதில் ஒழுங்காக விழுகிறது, ஒரு சதமும் செலவில்லை. அதுவும் டிஸ்க் எழுதாது. முடிந்த படத்தை டிவிடிஸ்டைலர் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குக் கொடுத்தால் டிவிடிக்கு வேண்டிய எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி, மெனுவும் செய்து தரும். மெனுவின் தமிழ் எழுத்தை லிப்ரே ஒஃபிசில் எழுதிப் படமாக்கிப் பின்னணியாக வைத்துவிடுகிறேன். நேரே டிஸ்க்கில் அடிக்காமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுத்து, விஎல்சி பிளேயரில் ஓடவிட்டுப் பாருங்கள். பெரியம்மாவின் டிஸ்க்குக்கு நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

டிஸ்க்கில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் 4.38 என்றுதான் காட்டும். ஒரு மணித்தியாலப் படம் என்றால் தெளிவு நன்றாக இருக்கும், இரண்டைத் திணித்தால் காவடியின் மயிலிறகு கட்டம் கட்டமாக உடையும். வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம்முடைய டிவி முறை பால் (PAL), 720×576, செக்கனுக்கு 25 படம். கனடாவில் என்டிஎஸ்சி (NTSC), 720×480, 29.97. ஸ்கார்பரோவில் இருக்கும் சித்திக்கு அந்த முறையில் தனியாக ஒன்று அடிக்கிறேன்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் முதலில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் பதிப்பை இறக்குங்கள். தலைப்புப் பெட்டியில் கொழும்பு, பெரியம்மா, கௌரி, ஸ்ரீ என்று நாலு சொல் அடியுங்கள். ஒன்று பிசகினாலும் மூடிவிடுங்கள், மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம்.

கூட்டாளிக்குச் சொன்ன பதிலை நான் மாற்றவில்லை. கசெட்டுகளோடு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன். என்னுடைய மென்பொருளிலேயே உள்ளே எடுப்போம், அதுவே துண்டு பிரிக்கட்டும். சின்னத் துண்டு எதையும் பார்க்காமல் அழிக்காதே என்றும் எழுதினேன். அவன் தங்கச்சியின் பெயரை மட்டும் ஷொட்கட்டில் எழுதுவோம்.