யப்பானிய 'வ – யோ' சொல் அட்டைகள்: வாங்கலாம், திருத்திப் படியுங்கள்

பராமரிப்பு வேலைக்கு யப்பான் போகப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சி வகுப்பொன்று விற்கும் அட்டைக் கட்டு இது. லமினேற் செய்தது. மல்லாவி, முழங்காவிலில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் மடியில் வைத்தே பாடமாக்கலாம். இந்த அட்டைக் கட்டுக்குள் ஆகத் திறமான பகுதி 'வ – யோ' சோடிச் சொற்கள். கூடுதலான பிழைகளும் அதிலேதான்.

'வ' யப்பானிய முறை, 'யோ' மேற்கத்தைய முறை. நாங்கள் ஊர்க்கோழி, சீமைக்கிளுவை என்று முன்சொல் போட்டுப் பிரிப்பது மாதிரித்தான். வஷிட்சு என்றால் தத்தாமிப் பாய் பதித்த அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதிக்கலாம். யோஷிட்சு பாய் இல்லாத, கட்டில் போடும் அறை. எழுத்து விளக்கம் அருமை: 'யோ'வுக்கு 9 கோடு, இடப்பக்கம் நீர்த்துளி மூன்று, வலப்பக்கம் 'ஆடு' என்னும் எழுத்து, பொருள் பெருங்கடல். கடல் கடந்து வந்தது என்று பிடித்தால் மறக்காது.

இனிப் பிழைகள். யப்பானிய அமைப்பு என்று பொருள்படும் சொல்லை 'வாஷிகி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். வ குறில், யோ நெடில், சரியானது 'வஷிகி'. குறில் நெடில் மாறினால் யப்பானியத்தில் சொல்லே மாறிவிடும். தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாய் வரும் இந்த வேறுபாட்டை அட்டையே கெடுப்பது பெரிய அநியாயம். கடைசிக் 'கி'யைக் கிணற்றின் 'கி' போல வல்லினமாகச் சொல்ல வேண்டும். 'ஷிக்கி' என்று இரட்டிக்கவும் கூடாது. இதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

வஷிகி மலசலகூடத்துக்கு எங்கள் வீட்டுக் குந்து கோப்பையின் படம் போட்டது அதைவிட மோசம். யப்பான் கோப்பையில் கால் வைக்கும் மேடை கிடையாது. ஒரு முனையில் அரைக் கூடு போன்ற தடுப்பு எழும்பி நிற்கும்; அதைப் பார்த்தபடி குந்த வேண்டும். இந்தப் படத்தை நம்பினால், முதியவர் ஒருவரைத் தாங்கிப் பிடித்து இருத்தும்போது திசை மாறிப்போகும். யோஷிகி என்பது கொமட். அந்தப் படம் சரி.

'ஷிகி', 'ஃபூ' இரண்டுக்கும் 'பாணி' என்று ஒரே பொருள் எழுதியிருக்கிறார்கள். ஷிகி அமைப்பைச் சொல்லும், ஃபூ சாயலைச் சொல்லும். ஹம்பாகுவின் (அரைத்த இறைச்சியைத் தட்டிப் பொரித்தது) மேல் துருவிய முள்ளங்கியும் சோயா சோஸும் விட்டால் அது வஃபூ ஹம்பாகு: பண்டம் மேற்கு, சுவை யப்பான். யோஃபுகுவுக்கு 'மேற்கத்தைய உடை' என்ற பொருளும் அரைகுறை. இன்றைய பேச்சில் அது அன்றாட உடுப்புத்தான். கேட்டால் கோட் சூட் தேட வேண்டாம்.

திருத்தங்களை நிரந்தர மார்க்கரால் எழுதுங்கள், லமினேற்றில் சாதாரணப் பேனை பிடிக்காது.