நாடு மாறினேன், வாங்கிய படங்கள் என்னோடு வரவில்லை

டிஜிட்டலாகப் படமும் பாட்டும் வாங்க ஆரம்பித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒருமுறை நாடு மாறினேன். அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

நாட்டைப் பார்த்துப் போடும் பூட்டு எனக்குப் புதிதில்லை. டிவிடி காலத்திலேயே உலகத்தை மண்டலம் மண்டலமாகக் கூறு போட்டிருந்தார்கள்: அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம். நான் பாட்டுக்கு டிஸ்க்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்தேன். 'மீதி: 1' என்று திரையில் வந்தபோதுதான் உறைத்தது. விண்டோஸை அழித்துப் போட்டாலும் அந்தக் கணக்கு போகாது, டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும். ஆனாலும் டிஸ்க் அட்டையின் பின்பக்கம் மண்டல எண் அச்சிட்டிருக்கும். பார்த்து வாங்காதது என் தப்பு.

டிஜிட்டல் கடையில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. குடிபோன பிறகு கணக்கில் நாட்டை மாற்றப் போனேன். இருக்கும் பணத்தைச் செலவழித்துவிட்டு வா என்றது. இருந்ததோ சில்லறை, கடையிலேயே மலிவான பாட்டுக்குக்கூடப் போதாது. மேலே பணம் போடலாமென்றால் பழைய நாட்டு கார்டு வேண்டும், அந்த வங்கிக் கணக்கை அப்போதே முடித்தாயிற்று. கடைசியில் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, 'அந்தக் காசே வேண்டாம், அழித்துவிடுங்கள்' என்று கேட்டு வாங்கினேன். நம் பணத்தை வேண்டாம் என்று சொல்லவும் மனு போட வேண்டியிருக்கிறது!

மாறிய பிறகு பார்த்தால், வாங்கிய படங்களில் சிலவற்றைக் காணோம். காரணம் புரியாமலில்லை. பட உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள்; புது நாட்டில் அந்தக் கடைக்கு உரிமை இல்லையென்றால் திரும்ப இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் பொத்தானில் 'வாங்கு' என்று போடுகிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் விபிஎன் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வாங்குவதற்கு அது பெரிதாக உதவவில்லை. கார்டு எந்த நாட்டுடையது என்றுதான் கடை பார்க்கிறது. கிஃப்ட் கார்டும் அப்படியே, எந்த நாட்டுக் கடையுடையதோ அங்கேதான் செல்லும்.

தப்பித்தது பாட்டு மட்டும்தான். 2009-ல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து டிஆர்எம் என்ற நகல் பூட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாங்கிய கோப்புகள் இன்றும் என் ஹார்ட் டிஸ்க்கில் பாடுகின்றன, எந்த நாட்டிலும்.

குடிபெயரப் போகிறவர்கள் முதலில் இருப்பைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள், பழைய கார்டை அதற்கப்புறம் மூடலாம். கூகுள் பிளேயில் நாட்டை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், அவசரப்படாதீர்கள். நான் பிடித்த படங்களை இப்போது 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்கில் வாங்குகிறேன், அதில் மண்டலப் பூட்டு கிடையாது. அதே பெட்டியில் வரும் சாதாரண ப்ளூரே டிஸ்க்கில் ஏ, பி, சி என்ற மண்டலப் பூட்டு இருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.