மாங்காயைச் சுட்டுப் பார்த்ததில்: நான்கு வகை பெல்லட், மூன்றரை வருடம்

ஏர் ரைஃபிள் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது எடுத்துவிடுவேன், காலி டப்பாக்களை எண்ணிப் பார்த்தால் பதினோராயிரம் பெல்லட் (அதில் போட்டுச் சுடும் குட்டி ஈயக் குண்டு) தாண்டியிருக்கிறது. எந்த பெல்லட் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். முயல், கவுதாரி, கிளி அடிப்பதற்கு எது தோது என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு ஏர் கன்னும் ஒன்றுதான், நாட்டுத் துப்பாக்கியும் ஒன்றுதான். 4.5 மில்லிமீட்டர் பேரல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம், அவ்வளவுதான் சலுகை. லைசென்ஸ் வேண்டாம் என்பதை வேட்டைக்கு அனுமதி என்று புரிந்துகொண்டு தோப்புத் தோப்பாகச் சுற்றுகிற பையன்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. என் வேட்டையெல்லாம் காகிதம், டின், துணி சோப்பு, அப்புறம் காற்றில் உதிர்ந்த பெங்களூரா மாங்காய்.

பெல்லட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும், நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் குழிந்த பாவாடை. காற்று தள்ளும்போது அந்தப் பாவாடைதான் விரிந்து பேரலின் உட்புறம் வெட்டியிருக்கும் வரிகளைப் பிடிக்கும். வித்தியாசமெல்லாம் மூக்கில்: தட்டை மூக்கு, உருண்டை மூக்கு, கூர் மூக்கு, குழி மூக்கு. டப்பாவில் புலி, பருந்து எல்லாம் படம் போட்டு விற்பது பெரும்பாலும் கடைசி இரண்டையும்தான்.

நானும் முதலில் கூர் மூக்கில்தான் விழுந்தேன். பார்க்க நிஜத் தோட்டா மாதிரியே இருக்கும். இருபது மீட்டரில் ஐந்து சுட்டால் உள்ளங்கை அளவுக்குச் சிதறும், இரண்டு மாதம் என் கைதான் சரியில்லை என்று நினைத்து மூச்சுப் பயிற்சி வரைக்கும் போனேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் முனை நடுவில் இல்லை, சிலவற்றில் முனையே மழுங்கியிருந்தது. ஈயம் மெத்தென்ற உலோகம், பஸ்ஸில் டப்பா குலுங்கினாலே போதும்.

உருண்டை மூக்குக்கு மாறிய அன்றே, அதே ரைஃபிள், அதே கை, ஐந்தும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. நான் பயன்படுத்துவது ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 8.44 கிரெய்ன், அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல். விலை அதிகம்தான். ஆனால் நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி எடை போட்டுப் பார்த்தேன், ஐம்பதும் ஏறக்குறைய ஒரே எடை. மலிவாக வாங்கிய இன்னொரு டப்பாவில் 0.45-லிருந்து 0.53 கிராம் வரை கலந்துகட்டி இருந்தது. எடை மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் விழுகிற இடம் மாறும், இதற்குமேல் மூக்கைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தட்டை மூக்கு போட்டிக்கானது. இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடும் 10 மீட்டர் போட்டியில் இதுதான், பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. பத்து மீட்டரில் இதை அடித்துக்கொள்ள வேறு இல்லை. இருபத்தைந்து மீட்டருக்குக் கொண்டுபோனால் காற்றை முட்டிக்கொண்டு வேகம் இழந்து தள்ளாடும்.

மாங்காய்க்கு வருவோம். காயில் கூர் மூக்கு ஊசி குத்தியது போல நுழைந்து கொட்டையில் போய் நின்றது. தட்டை மூக்கு தோலை வட்டமாக வெட்டி, சதையை நொறுக்கி, கொட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, காய் பக்கவாட்டில் விரிசல் விட்டிருந்தது. பழத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்: கொட்டையைத் தவிர்த்து ஓரமாக அடித்தால் கூர் மூக்கு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிடும், ஒரு சொட்டுச் சாறு வடியும், அவ்வளவே. தட்டை மூக்கு பட்டால் தோல் பிளந்து சாறு தெறிக்கும். குழி மூக்கு இரண்டையும் சேர்த்துச் செய்யும், பட்டதும் குடை போல விரியும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஐந்து மீட்டரில் சோப்பில் அடித்துத் தோண்டி எடுத்ததில் கொஞ்சம் விரிந்திருந்தது உண்மை. இருபது மீட்டரில் எடுத்தது டப்பாவிலிருந்து எடுத்த மாதிரியே இருந்தது, துடைத்துவிட்டுத் திரும்பச் சுடலாம் போல.

காரணம் வேகம். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பயன்படும் விரியும் குண்டுகளுக்குப் பொதுவாக வினாடிக்கு 500 மீட்டரை ஒட்டிய வேகமாவது வேண்டும், .308 மாதிரி ஒரு வேட்டை ரைஃபிளின் சக்தி மூவாயிரம் ஜூலைத் தாண்டும். நம்முடையது வினாடிக்கு 200 மீட்டர் சொச்சம். ஆனால் சிக்கல் அங்கேயும் இதேதான்: ரொம்ப விரிந்தால் மேலோடு நின்றுவிடும், விரியாவிட்டால் ஊடுருவிப் போய்விடும். ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-இல் மூஸ் மானைச் சுட்டபோது குண்டு உள்ளே இறங்காமல் போக, முன்பாதி விரிந்து பின்பாதி அப்படியே உள்ளே போகும்படி நடுவில் தடுப்பு வைத்து ஒரு குண்டு செய்தார். இந்த விரியும் குண்டுக்கு நம் ஊர்ச் சம்பந்தமும் உண்டு, இதை டம்டம் குண்டு என்பார்கள், டம்டம் என்பது கல்கத்தா பக்கத்து ஊர்ப் பெயர். 1899 ஹேக் மாநாட்டில் போருக்கு அதைத் தடை செய்தார்கள்.

பர்கூர் மாமா ஒருநாள் வந்து சோப்பும் மாங்காயும் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, ஊறுகா போடறதுக்கு இதான் வழியா?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூக்கு எப்பிடி இருந்தா என்ன, பட வேண்டிய எடத்துல படணுமில்ல" என்று ரைஃபிளை வாங்கி மூன்று சுட்டார், மூன்றும் மாங்காய்க்குப் பின்னால் இருந்த வாழை மரத்தில்.

செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பின்தடுப்பாக வைத்தது கிரானைட் துண்டு, எங்கள் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம். ஒரு தட்டை மூக்கு திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே ரத்தக்கட்டு. கண்ணில் பட்டிருந்தால்? அன்றிலிருந்து மரப்பெட்டிக்குள் பழைய துணியைத் திணித்துத்தான் தடுப்பு, கண்ணாடி போடாமல் சுடுவதில்லை. இன்னொன்று, காற்றை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளுகிற ஸ்பிரிங் சத்தம் போடுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். அடுத்த முறை சுட்டபோது டமார் என்று வெடித்து, பேரலில் புகை, தோப்பு முழுக்க வறுத்த வாசம். பிஸ்டன் அழுத்துகிற காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது, பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கிற சீலை மாற்ற வேண்டியதாயிற்று. ஈயமில்லாத, எடையே இல்லாத அலாய் பெல்லட்டும் சீலுக்கு எதிரிதான், எதிர்த்து நிற்க கனம் இல்லாததால் பிஸ்டன் போய் மோதும். பத்து சுட்டதோடு சரி.

ஈயம் தொட்ட கையோடு எதையும் சாப்பிடாதீர்கள், சுட்ட மாங்காயையும்தான். சோப்புக் கட்டி குறைவதை வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள், இப்போது ஏரிக் களிமண்ணைப் பிசைந்து வைத்துச் சோதிக்கிறேன்.

அலமாரியில் கூர் மூக்கு ஒன்றரை டப்பா மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், டின் சுடுவதற்கு ஆகும்.